டெர்பியின் ஸ்டீவ் ப்ளூமர்: அந்த 352 கோல்கள் அவ்வளவு எளிதா?

கேள்வி: இங்கிலாந்தின் டெர்பி கவுண்டி கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடும்போது ஸ்டீவ் ப்ளூமர் பெயரில் ஒரு பாட்டு ஒலிக்கிறது. தேடிப் பார்த்தால் 1900 வாக்கில் ஆடியவர், லீகில் 352 கோல் அடித்தவர் என்று இருக்கிறது. தடுப்பாட்டம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் யார் வேண்டுமானாலும் இவ்வளவு அடித்திருக்கலாமே? நிஜமாகவே பெரிய ஆட்டக்காரர்தானா? விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்:

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்கிறீர்கள். நியாயமான சந்தேகம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பழைய புகைப்படங்களில் தொளதொளவென்ற கால்சட்டையும் கணுக்கால் மூடும் பூட்சுமாக, நடு வகிடு எடுத்து நிற்கும் அந்த ஆட்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அன்றைய விதிகளையும் கோல் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு நான் மனம் மாறினேன். அதனால் ப்ளூமரின் கதைக்கு முன்னால் விதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

1925 வரை ஆஃப்சைடு விதி இன்று இருப்பதைவிடக் கடுமையானது. பந்து உங்களுக்கு அனுப்பப்படும் நொடியில் உங்களுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஃப்சைடு, பந்து எதிரணிக்குப் போய்விடும். இன்று இரண்டு பேர் போதும். பார்க்க சின்ன வித்தியாசம்தான். ஆனால் நடைமுறையில் என்ன ஆகும் என்றால், கடைசித் தடுப்பாக நிற்கும் இரண்டு ஃபுல்பேக்குகளில் ஒருவர் மட்டும் நான்கு அடி முன்னால் வந்துவிட்டாலே ஃபார்வர்டு சிக்கிக்கொள்வார். கணக்குத் தப்பிப்போனாலும் இன்னொரு ஃபுல்பேக்கும் கோல்கீப்பரும் பின்னால் காவலுக்கு இருக்கிறார்கள். பொறி வைப்பவருக்குப் பெரிய நஷ்டமே இல்லை. நியூகாசிலின் பில் மெக்ராக்கன் இந்தப் பொறியை ஒரு கலையாகவே ஆக்கி, ஊர் ஊராகப் பார்வையாளர்களின் வசவை வாங்கிக்கொண்டார். 1907 வரை சொந்தப் பாதியில் நின்றால்கூட ஆஃப்சைடு உண்டு. 1912 வரை கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம்.

இந்த விதி மாறியதும் என்ன நடந்தது என்று பாருங்கள். 1924-25 சீசனில் ஃபுட்பால் லீக் முழுவதும் சேர்ந்து 4,700 கோல்கள். அடுத்த சீசனில் 6,373. அணிகள் அதே, ஆட்களும் ஏறக்குறைய அதே. மாறியது ஒரு வரி. எவர்டனின் டிக்ஸி டீன் ஒரே சீசனில் 60 கோல் அடித்தது இதற்குப் பிறகு, 1927-28இல். டீன் எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரர், அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த 60ஐப் பார்த்துவிட்டு ப்ளூமர் ஒரு சீசனில் அடித்த 22, 23 எல்லாம் ஒரு கணக்கா என்று கேட்டால் அது நியாயம் ஆகாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ப்ளூமர் ஆட வந்தபோது லீகின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் 16 அணிகள்தான், சீசனுக்கு 30 ஆட்டம். 1898இல் 18 அணிகள் ஆகி 34 ஆட்டம் ஆனது. அப்படிப்பட்ட சீசன்களில் ஐந்து முறை முதல் டிவிஷனில் அதிக கோல் அடித்தவர் அவர். அதில் ஒரு முறை மட்டும், 1895-96இல், ஆஸ்டன் வில்லாவின் ஜானி கேம்பலோடு பகிர்ந்துகொண்டார். ஐந்தாவது முறை 1903-04இல், அப்போது வயது 30. மொத்தம் 352 லீக் கோல்களில் 293 டெர்பிக்கு, 59 மிடில்ஸ்பரோவுக்கு. அவற்றில் 314 முதல் டிவிஷனில் அடித்தவை. இங்கிலாந்தின் உயர்மட்ட லீகில் அவரை முந்தியவர் இன்றுவரை ஒருவர்தான்: ஜிம்மி க்ரீவ்ஸ், 357.

சரி, ஆளைப் பற்றிப் பேசுவோம்.

பிறந்தது 1874 ஜனவரி 20, வூஸ்டர்ஷயரில் க்ராட்லி என்ற ஊரில். இரும்பு வேலை செய்யும் பகுதி அது. அப்பாவுக்கும் இரும்பு வேலைதான். பிழைப்புக்காகக் குடும்பம் டெர்பிக்குக் குடிபெயர்ந்தபோது ஸ்டீவ் சின்னப் பையன். வளர்ந்ததும் அவனும் பட்டறைக்குப் போனான். கொல்லர் இடுக்கியில் பிடித்துக் கொடுக்கும் இரும்பின் மேல் பெரிய சம்மட்டியால் ஓங்கி அடிக்கும் ஆளுக்கு ஆங்கிலப் பட்டறைகளில் அன்று இருந்த பெயர் ஸ்ட்ரைக்கர். கால்பந்தில் அந்தச் சொல் அப்போது கிடையாது. மைதானத்தில் அவருடைய இடம் இன்சைடு ரைட், அதாவது ஐந்து ஃபார்வர்டுகளில் சென்டர் ஃபார்வர்டுக்கு வலப்பக்கம். ஆக ப்ளூமர் ஸ்ட்ரைக்கராக இருந்தது பட்டறையில் மட்டும்தான்! இந்தத் தகவலை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

டெர்பி ஸ்விஃப்ட்ஸ் என்ற உள்ளூர் அணியில் கோல்களாக அடித்துத் தள்ளிய பிறகு 1892இல் டெர்பி கவுண்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. சம்பளம் வாரத்துக்கு ஏழரை ஷில்லிங். அதே செப்டம்பரில் ஸ்டோக் அணிக்கு எதிராக முதல் ஆட்டம், வயது 18.

அவருக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம் என்று நான் சொல்வது ஜான் குடாலை. 1888-89இல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் லீகையும், லீகுக்கு வெளியே தனியாக நடக்கும் எஃப்ஏ கோப்பையையும் சேர்த்து வென்ற ப்ரெஸ்டன் அணியில், அந்த முதல் லீக் சீசனின் அதிக கோல்காரர் குடால். அடுத்த வருடமே டெர்பிக்கு வந்துவிட்டார். ப்ளூமர் வந்து சேரும்போது அணியின் மூத்த ஆட்டக்காரர் அவர்தான். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடாமல், ஆள் இல்லாத இடம் பார்த்துப் பாஸ் கொடுத்து ஆடும் ஸ்காட்டிஷ் பாணியில் ஊறியவர். பட்டறைப் பையனைத் தன் பக்கத்தில் நிறுத்தி ஆட்டத்தின் சூட்சுமங்களைச் சொல்லிக்கொடுத்தார். ப்ளூமரை வெறும் கோல் இயந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. தடுப்பைப் பிளந்துகொண்டு போகும் நீளமான பாஸ்களுக்கும் அவருக்குப் பேர் உண்டு, அது குடாலிடம் கற்றது.

ஆனால் ஷாட் அவருடைய சொந்தச் சரக்கு. ஆள் ஒல்லி, வெளிறிய முகம். வெள்ளை முகத்தான் என்ற பொருளில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். பெரிய உடம்புக்காரர்கள் தோளால் இடித்துத் தள்ளி ஆடிய காலத்தில், பந்தை நிறுத்தாமல், காலைப் பின்னால் இழுத்து ஓங்காமல், வந்த வேகத்திலேயே தரையோடு தரையாக அடிப்பதுதான் அவர் முறை. இடது காலோ வலது காலோ, எது கிட்ட இருக்கிறதோ அது. இது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்பதை அன்றைய பந்தைக் கையில் எடுத்திருந்தால்தான் புரியும். தோல் பந்து, மழையில் நனைந்து சேற்றில் புரண்டால் கல் மாதிரி கனக்கும். அதை உயரத் தூக்கி அடிப்பது வீண். கோல்கீப்பர்களும் பெரிய ஆட்கள். ஷெஃபீல்ட் யுனைடெட்டின் ஃபோக் மாதிரி மலைபோல் நிற்பவர்களுக்கு உயரமான பந்து எளிது, குனிவதுதான் கஷ்டம். காலை ஓங்காமல் அடிப்பதால், ஷாட் வரப்போகிறது என்ற அறிகுறியே கீப்பருக்குக் கிடைக்காது. 1899 ஜனவரியில் தி வெட்னஸ்டே அணியை (இன்றைய ஷெஃபீல்ட் வெட்னஸ்டே) டெர்பி 9-0 என்று துவைத்தது. அதில் ஆறு கோல் ப்ளூமருடையவை.

இங்கிலாந்து அணிக்கு 1895 மார்ச்சில், டெர்பியிலேயே நடந்த ஆட்டத்தில், அயர்லாந்துக்கு எதிராக அறிமுகம். 9-0, அதில் இரண்டு இவருடையது. அதிலிருந்து ஆடிய முதல் பத்து சர்வதேச ஆட்டங்களில் ஒன்றில்கூடக் கோல் அடிக்காமல் மைதானத்தைவிட்டு வந்ததில்லை. பத்து ஆட்டம், 19 கோல். 1896இல் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக மட்டும் ஐந்து. 1907இல் முடித்தபோது கணக்கு 23 ஆட்டம், 28 கோல். இங்கே உங்கள் சந்தேகத்துக்குப் பாதி உண்மையைக் கொடுத்துவிடுகிறேன். இங்கிலாந்து அப்போது வருடத்துக்கு மூன்று ஆட்டம்தான் ஆடும்: ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து. ஐரோப்பியக் கண்டத்துக்குப் போய் ஆடத் தொடங்கியதே 1908இல். வேல்ஸும் அயர்லாந்தும் பெரும்பாலும் சோப்ளாங்கி அணிகள், 28இல் 12 வேல்ஸுக்கு எதிராக வந்தவை. ஆனால் ஸ்காட்லாந்து அப்படி இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த கால்பந்து எங்கே ஆடப்படுகிறது என்று 1890களில் கேட்டிருந்தால், இங்கிலாந்துக்காரர்களிலேயே பலர் வடக்கே கை காட்டியிருப்பார்கள். அந்த ஸ்காட்லாந்துக்கு எதிராக ப்ளூமரின் கணக்கு எட்டு. 1898 ஏப்ரலில் கிளாஸ்கோவுக்கே போய் 3-1 என்று ஜெயித்தார்களே, அதில் இரண்டு இவர் அடித்தது.

அதே மாதம்தான் எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம். இந்தப் பகுதியைச் சொல்லும்போது எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கும். 1898 ஏப்ரல் 16, லண்டன் கிரிஸ்டல் பேலஸ், எதிரணி பக்கத்து ஊரான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். ஐந்து நாளுக்கு முன்னால்தான் லீகில் அதே ஃபாரஸ்டை டெர்பி 5-0 என்று விரட்டியிருந்தது. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று ஊரே நினைத்தது. 3-1 என்று தோற்றார்கள். டெர்பியின் ஒரே கோல் ப்ளூமருடையது. அடுத்த வருடம் மறுபடி இறுதி ஆட்டம், ஷெஃபீல்ட் யுனைடெட். இடைவேளையின்போது டெர்பி 1-0 முன்னிலை, முடிவில் 4-1 தோல்வி. 1903இல் மூன்றாவது இறுதி ஆட்டம், காயத்தால் ப்ளூமரால் ஆட முடியவில்லை. பரி அணி ஆறு கோல் போட்டது, டெர்பிக்கு ஒன்றும் இல்லை. கோப்பை இறுதி ஆட்டத்தில் அவ்வளவு பெரிய வித்தியாசம் அதற்குப் பிறகு 2019 வரை வரவே இல்லை.

லீகிலும் அப்படித்தான். 1896இல் இரண்டாம் இடம், 1897இல் மூன்றாம் இடம். டெர்பி 1895இல் குடிபோன பேஸ்பால் க்ரவுண்ட் மைதானத்தில் முன்பு கூடாரம் போட்டிருந்த நாடோடிகள், துரத்தப்பட்ட கோபத்தில் கோப்பையே கிடைக்காது என்று சாபம் விட்டுப் போனதாக ஊரில் ஒரு கதை. 1946இல் டெர்பி முதல் முறை கோப்பை வெல்லும்வரை அந்தக் கதை உயிரோடு இருந்தது.

பேஸ்பால் க்ரவுண்ட் என்ற பெயரில் ஜோக் எதுவும் இல்லை. பிரான்சிஸ் லே என்ற வார்ப்பாலை முதலாளி அமெரிக்காவுக்குப் போய்வந்து, தன் தொழிலாளர்களுக்காக அமைத்த பேஸ்பால் மைதானம் அது. டெர்பி பேஸ்பால் அணி 1890களில் மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். அதில் ஆடியவர்களில் நம் ப்ளூமரும் ஒருவர். கால்பந்தின் முதல் டிவிஷனில் கிடைக்காத சாம்பியன் பட்டம் அவருக்குப் பேஸ்பாலில் கிடைத்தது.

1906 மார்ச்சில் டெர்பி அவரை 750 பவுண்டுக்கு மிடில்ஸ்பரோவுக்கு விற்றது. அன்றைய நிலவரம் புரிய வேண்டுமானால், அதற்கு ஒரு வருடம் முன்னால் அதே மிடில்ஸ்பரோதான் ஆல்ஃப் காமனை சண்டர்லாந்திடமிருந்து 1,000 பவுண்டுக்கு வாங்கி, நாட்டையே வாய்பிளக்க வைத்தது. மனிதனுக்கு ஆயிரம் பவுண்டா, இது ஆட்டமா அடிமை வியாபாரமா என்று பத்திரிகைகளில் ஒரே கூச்சல். ஆனால் இந்தப் பணம் எல்லாம் கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவேதான். ஆட்டக்காரருக்கு 1901இலிருந்து வாரத்துக்கு 4 பவுண்டு உச்சவரம்பு. நாட்டிலேயே பேர்பெற்ற ஃபார்வர்டானாலும் சரி, நேற்று வந்த பையனானாலும் சரி, அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. பெயரை வைத்து ப்ளூமர் பூட்ஸ் விளம்பரத்தில் கொஞ்சம் சம்பாதித்தார், அவ்வளவுதான். உச்சவரம்பு என்ற முறையே 1961இல்தான் ஒழிந்தது.

மிடில்ஸ்பரோ அவரை வாங்கியதற்குக் காரணம் அவசரம். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும் விளிம்பில் இருந்தார்கள். அந்த சீசனில் நூலிழையில் தப்பினார்கள். அவரை விற்ற டெர்பியோ அடுத்த வருடமே, 1907இல், இறங்கிப்போனது. ஒருவர் போனதால் மட்டும் ஓர் அணி விழுந்துவிடாதுதான். ஆனாலும் ‘யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாமே’ என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. மற்ற யாராலும் டெர்பிக்கு அந்தக் கோல்களை அடிக்க முடியவில்லை.

மிடில்ஸ்பரோவில் நான்கு சீசன்களுக்கு மேல் ஆடினார். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

1910இல் டெர்பிக்குத் திரும்பினார். வயது 36. அணி இன்னும் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. மேலாளர் யார் என்று பார்த்தால் ஜிம்மி மெத்வன், பழைய நாட்களில் இவரோடு ஃபுல்பேக்காக ஆடியவர். 1911-12இல் ப்ளூமர் தலைமையில் டெர்பி இரண்டாம் டிவிஷன் சாம்பியன். செல்சியும் டெர்பியும் 54 புள்ளிகளில் சமமாக நிற்க, கோல் விகிதத்தில் (அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்த கணக்கு) டெர்பிக்கு முதலிடம். 38 வயதில் அவருக்குக் கிடைத்த ஒரே லீக் பதக்கம் அது. 1914 ஜனவரியில், 40 வயது நிறைந்து பதினோரு நாளில், முதல் டிவிஷனில் கடைசி ஆட்டம் ஆடினார். டெர்பிக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 525 ஆட்டம், 332 கோல். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கிளப்பில் அந்தக் கோல் கணக்கை யாரும் நெருங்கவில்லை.

பலரும் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்கு அப்புறம் நடந்ததுதான் ரொம்பப் பிடிக்கும்.

ஓய்வு பெற்ற ஆட்டக்காரருக்கு இங்கிலாந்தில் பயிற்சியாளர் வேலை சொற்பம், கண்டத்தில் நல்ல கிராக்கி. பெர்லினில் பிரிட்டானியா என்ற கிளப் கூப்பிட்டது. 1914 ஜூலையில் போய் இறங்கினார். நேரம் எப்படி இருக்கிறது பாருங்கள்! ஆகஸ்ட் 4இல் பிரிட்டன் ஜெர்மனி மேல் போர் தொடுத்தது. நவம்பரில் ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் ஆண்களை எல்லாம் பிடித்து, பெர்லின் பக்கத்தில் ருலேபன் என்ற குதிரைப் பந்தய மைதானத்தில் அடைத்தார்கள். குதிரை லாயங்கள்தான் தங்குமிடம், ஒரு குதிரை நிற்கும் இடத்தில் ஆறு பேர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். வியாபாரிகள், மாலுமிகள், மாணவர்கள், இசைக்காரர்கள் என்று எல்லாத் தரப்பும். பிற்காலத்தில் நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக் இளைஞராக அங்கேதான் அடைபட்டிருந்தார்.

கால்பந்துக்காரர்களுக்கும் குறைவில்லை. ஃப்ரெட் பென்ட்லண்ட், சாம் வோல்ஸ்டன்ஹோம் என்று இங்கிலாந்துக்கு ஆடியவர்கள், ஸ்காட்லாந்துக்கு ஆடிய ஜான் கேமரன், எல்லோரும் ப்ளூமர் மாதிரியே ஜெர்மனியில் பயிற்சி வேலைக்கு வந்து மாட்டியவர்கள். சும்மா இருப்பார்களா? ருலேபன் ஃபுட்பால் அசோசியேஷன் என்று ஒன்றை அமைத்து, லாயத்துக்கு ஓர் அணி வைத்து, லீக், கோப்பை என்று அட்டவணை போட்டு ஆடினார்கள். கைதிகள் ஆயிரக்கணக்கில் கூடி வேடிக்கை பார்த்தார்கள். கோடையில் கிரிக்கெட், அதிலும் ப்ளூமர் முன்னணியில். நாற்பது வயதைத் தாண்டியவர், வெளியே உலகம் எரிந்துகொண்டிருக்கிறது, இவர் லாயத்து அணிக்குக் கோல் அடித்துக்கொண்டிருக்கிறார். மூன்று வருடத்துக்கு மேல் இப்படிக் கழிந்தது. 1918இல் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியாது என்பதால் ஆம்ஸ்டர்டாமின் ப்ளாவ் விட் கிளப்புக்குப் பயிற்சி கொடுத்தார்.

ருலேபனில் ஒன்றாகக் கிடந்த பென்ட்லண்டும் ப்ளூமரும் கடைசியில் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் எதிரெதிர் அணிகளின் பயிற்சியாளர்கள் ஆனார்கள். பென்ட்லண்ட் பில்பாவ் அத்லெடிக்கில். அவர் தலையில் இருந்த வட்டத் தொப்பி அங்கே இன்றும் பிரசித்தம். ப்ளூமர் பிரெஞ்சு எல்லையை ஒட்டி, பிடாசோவா ஆற்றங்கரையில் இருக்கும் இருன் என்ற சின்ன ஊரின் ரியால் யூனியன் அணியில். 1924இல் அந்த ஊர் அணி ஸ்பெயினின் அரசர் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தது. சான் செபாஸ்தியானில் ஆட்டம், எதிரணி ரியால் மாட்ரிட். 1-0 என்று இருன் ஜெயித்தது. கிரிஸ்டல் பேலஸில் கை நழுவிய கோப்பைக்கு ஐம்பதாவது வயதில், வேறொரு நாட்டில், கோட்டுக்கு வெளியே நின்றபடி அவருக்கு ஈடு கிடைத்தது.

பிறகு டெர்பிக்கே வந்துவிட்டார். கிளப் அவரைக் கைவிடவில்லை. பேஸ்பால் க்ரவுண்டில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு, இளம் ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டு, ஊர்ப் பத்திரிகைக்குக் கால்பந்து பற்றி எழுதிக்கொண்டு இருந்தார். 1936இல் அவருடைய 352ஐத் தாண்டியவர் டிக்ஸி டீன். உடல்நிலை மோசமானபோது, கடல் காற்று பட்டால் தேறுவார் என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குக் கப்பலில் அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்து சில வாரங்களில் காலமானார்.

நீங்கள் கேட்ட பாட்டு, 1997இல் டெர்பி பிரைட் பார்க் மைதானத்துக்கு மாறிய காலத்தில் வந்தது. ப்ளூமர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அதன் சாரம். 2009இல் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்தை ஒட்டி அவருக்கு மார்பளவுச் சிலையும் வைத்தார்கள்.

அவர் இறந்த தேதி 1938 ஏப்ரல் 16. ஃபாரஸ்டிடம் அந்த இறுதி ஆட்டத்தைத் தோற்று அன்றோடு சரியாக நாற்பது வருடம்.